டீசல் என்பது யார் பெயர்?

நண்பர்களே, பங்கில் போய் "ஆயிரத்துக்கு டீசல் அடிங்க" என்கிறோமே, அந்தச் சொல் ஒரு குடும்பப் பெயர். ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். ஆக்ஸ்பர்க் நகரில் அவர் செய்த என்ஜின், 1897 சோதனையில் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது. அன்றைய சாதாரண நீராவி என்ஜின்கள் 10 விழுக்காட்டைச் சுற்றியே நின்றன.

பெயர் முதலில் ஒட்டியது என்ஜினோடுதான்; எண்ணெயோடு அல்ல. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜின் கடலையெண்ணெயில் ஓடியது! அவர் கண்டுபிடித்தது பற்றவைக்கும் முறையை. காற்றை மட்டும் உள்ளிழுத்து, பதினைந்து இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் எண்ணெயைப் பனிபோலப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பொறி தட்டிப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு அங்கே வேலையே இல்லை. இந்த என்ஜினுக்குத் தோதாக வடித்தது "டீசல் எண்ணெய்" ஆயிற்று. நாளடைவில் "எண்ணெய்" உதிர்ந்துவிட்டது.

இன்று எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. "டீசல் தீர்ந்துபோச்சு" என்றால் எண்ணெய். "பெட்ரோல் எடுத்தீங்களா, டீசலா?" என்றால் கார். பொன்மலையில் "டீசல் ஷெட்" என்றால் ரயில் என்ஜின் பணிமனை. பழைய கார்புரேட்டர் வண்டியில் சாவியை அணைத்த பிறகும் பெட்ரோல் என்ஜின் துடித்துக்கொண்டிருந்தால், ஆங்கிலத்தில் அதற்கு "டீசலிங்" என்று பெயர். உள்ளே கனலும் கரி, பொறியில்லாமலே பற்றவைக்கிறது. எல்லாப் பொருளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். அந்த மனிதரின் கருத்துக்கு மிக அருகில் நிற்பது.

தாவர எண்ணெயிலிருந்து செய்யும் பயோடீசல் இன்னொரு வகை. கண்காட்சியில் ஓடியதே என்று இன்றைய காரில் கடலையெண்ணெயை ஊற்றக் கூடாது. அது கெட்டி; என்ஜினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்துளையில் சரியாகத் தூவாது, கரி படியும். அதனால்தான் தாவர எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்து, கிளிசரினைப் பிரித்து, இளக்கிக்கொள்கிறார்கள்.

பங்கில் பெட்ரோல், டீசல் மாறிப்போவதும் உண்டு. டீசல் காரில் பெட்ரோல் ஏறிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம். இன்ஜெக்டருக்கு எண்ணெயைத் தள்ளும் உயரழுத்தப் பம்புக்கு மசகாக இருப்பதே டீசல்தான். பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு கிடையாது. பம்பு தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும். வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரங்கட்டுங்கள். டேங்கைக் காலிசெய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.