எல்லையில் விட்டுவந்த இரண்டு குப்பித் தேன்

வணக்கம். தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, நல்லார்பர் என்னும் மரமில்லாத பெருஞ்சமவெளி வழியாக, வண்டியோட்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். சாலையோரத்தில் தேனைக் கண்டால் வாங்காமல் நகரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் ஒரு குப்பி வாங்கப் போனவன், 1885 முதல் அத்தீவு லிகூரியத் தேனீக்கள் என்னும் இத்தாலியத் தேனீ வகையின் சரணாலயம் என்று கேட்டதும் இரண்டாக வாங்கியதையும் பார்த்தீர்கள். அந்த இரண்டும் இப்போது என்னிடம் இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் பார்டர் வில்லேஜ் சோதனைச்சாவடியில், பூச்சியும் நோயும் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகப் பழம், பச்சைக் காய்கறி, தேன் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இது தெரிந்துதான், முந்தின இரவே வெங்காயம் முழுவதையும், மிச்சமிருந்த கறிவேப்பிலையோடு சேர்த்துத் தொக்காக வதக்கிவிட்டேன். அதிகாரி டப்பாவைத் திறந்து, முகர்ந்து, சமைத்ததுதானே என்று திருப்பிக் கொடுத்தபோது, நல்லார்பர் சமவெளியையே வென்றுவிட்டதாக நிமிர்ந்து நின்றேன். அடுத்த நொடி அவர் தேனைக் கையில் எடுத்தார். காய்கறியையே நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தேன் நினைவுக்கே வரவில்லை; பிழை முழுக்க என்னுடையது. ஆனாலும் இரண்டாவது குப்பியின் மூடியைக்கூட நான் திறந்திருக்கவில்லை!

ஒன்றை விட்டுவிட்டேன். எல்லைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் முன்பே, ஹெட் ஆஃப் பைட் என்னும் கடலோர இடத்தில், சதர்ன் ரைட் வகைத் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதப்பதைப் பார்த்தேன். மரமில்லாத வெளி சட்டென்று அறுபட்டுச் செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறை விளிம்பில், பல் கிட்டும் குளிர்காற்றில், இரண்டு மணி நேரம் நின்றேன். தேன் கலந்த சுக்குக் காப்பியைக் கடைசியாகக் குடித்ததும் அங்கேதான்.

எல்லையைத் தாண்டியதும் வரும் யூக்லா என்னும் சிற்றூரில் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. முக்கால் மணி நேரத்தைக் கொடுத்துத் தேனை எடுத்துக்கொள்ளும் பண்டமாற்று எனக்குப் பிடிக்கவில்லை. கைகுனாவைத் தாண்டியதும் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவும் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பும் வேலைகூட இல்லாததால், அந்த மூடி திறக்காத குப்பியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ரோட் டிரெயின்கள், அதாவது பல பெட்டிகளை இழுத்துவரும் நீளமான லாரிகள், கிளப்பிய காற்றில் வண்டி ஆடியபோது மட்டும் நினைவு கலைந்தது.

இப்போது அந்த நேர்சாலை முடியும் பலடோனியாவில் நிறுத்தியிருக்கிறேன். ரொட்டிக்குத் தொக்கைத் தடவியிருக்கிறேன், உப்பு கூடிவிட்டது.