'இதர' என்றொரு கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். பிக் டேட்டாவுக்கும் பிசினஸ் இன்டெலிஜென்ஸுக்கும் தொழிலில் என்ன வித்தியாசம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்குகளோடு ரொம்ப காலமாக மல்லுக்கட்டுகிறவன் நான், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் எந்த பையரின் ஆர்டரில் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆனது? எந்த ஜாப் ஒர்க் யூனிட் டெலிவரியை இழுத்தடிக்கிறது? டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரிலும் ஆர்டர் கணக்கிலும் இருக்கிற எண்களைச் சேர்த்து இதற்கெல்லாம் திரையில் பதில் காட்டுவதுதான் பிசினஸ் இன்டெலிஜென்ஸ், சுருக்கமாக பி.ஐ. ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இந்தப் பெயரில் கட்டுரை எழுதிவிட்டார், புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. முதலாளி மனதில் கேள்வி இருக்க வேண்டும், கட்டம் போட்ட கணக்கு இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் பி.ஐ. போதும்.

பிக் டேட்டா அப்படிக் கட்டத்துக்குள் அடங்காது. அளவு, வேகம், வகை என்று அதற்கு மூன்று அடையாளங்களை 2001-ல் டக் லேனி என்கிற ஆய்வாளர் சொன்னார். மெஷின் நொடிக்கு நொடி அனுப்பும் பதிவு, கேமரா எடுக்கும் துணிப் படம், 'ஒரே துவைப்பில் சுருங்கிருச்சு' என்று ஆன்லைனில் வாங்கியவர் எழுதும் வரி, எல்லாம் இதில் சேரும். நம்ம ஊரில் எக்ஸெல் ஷீட் கொஞ்சம் நீண்டாலே பிக் டேட்டா என்று விற்க வந்துவிடுகிறார்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசை பிடிக்குமுங்க. அதுகூட நிறையாத கணக்குக்குப் பர்ஸைத் திறக்காதீர்கள்.

போகிற இடமெல்லாம் நான் சொல்கிற கதை ஒன்று உண்டு, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது என்று பி.ஐ. திரை சிவப்பில் காட்டியது. காரணம் என்ன என்று பார்த்தால் முக்கால்வாசி 'இதர'. சரி என்று செக்கிங் டேபிள் பக்கம் போய் நின்றேன். ஓர் அக்கா பீஸை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், ஓட்டை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார், நோட்டில் 'இதர' என்று எழுதுகிறார்.

"ஏனுங்க அக்கா, ஓட்டைன்னே எழுதலாமுங்களே?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க தம்பி. ஆயில் கறை, ஷேடு, தையல், இதர. அவ்வளவுதானுங்க இருக்குது."

அக்கா கண்ணில் பட்ட ஓட்டை கணக்கில் காணாமல் போய்விட்டது. கட்டத்தில் இல்லாததை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரையும் காட்டாது. மறுபடியும் சொல்கிறேன், காட்டவே காட்டாது.

அப்புறம் நடந்ததுதான் பிக் டேட்டாவின் வழி, அளவில் சின்னதானாலும். பின்னும்போது நூல் அறுந்தால் துணியில் ஓட்டை விழும். அப்படி நூல் அறுந்து நின்ற நேரத்தையெல்லாம் நிட்டிங் மெஷின்கள் தாமாகவே பதிந்து வைத்திருந்தன. யாரும் திறந்து பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் பையன்கள் அதோடு ஷெட்டின் ஈரப்பதத்தையும் நூல் லாட் எண்ணையும் சேர்த்துப் போட்டார்கள். பங்குனி வெயிலில் காற்று வறண்ட பிற்பகல்களில்தான் அறுப்பு கூடியிருந்தது. ஈரம் குறைந்தால் பருத்தி நூல் பலம் இழக்கும் என்று எந்த நிட்டிங்காரரும் சொல்வார். அதை ரிஜெக்‌ஷன் கணக்கோடு முடிச்சுப்போட யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்த கம்பெனியின் பி.ஐ. திரையில் ஈரப்பதமும் தினசரி வருகிறது, நோட்டில் 'ஓட்டை'க்கும் தனிக் கட்டம் இருக்கிறது. பிக் டேட்டாவில் அகப்பட்டது கடைசியில் பி.ஐ.யில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று வந்தால் இன்னொன்று வேண்டாம் என்பது விற்கிறவர்கள் பேச்சு.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நாமக்கல் லாரிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், டிரிப் ஷீட்டில் டீசல், டோல், பேட்டா போக மீதி என்ன என்று பார்ப்பது பி.ஐ. எல்லா வண்டியின் ஜி.பி.எஸ். பதிவையும் கொட்டி, எந்த வளைவில் எல்லோரும் சடன் பிரேக் போடுகிறார்கள் என்று தேடுவது பிக் டேட்டா. வாடிக்கையாளர் போன் நம்பர்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கமுங்க.