ஆளை அனுப்பிவிட்டு மாளிகையை வைத்துக்கொண்டவர்கள்

(அருங்காட்சியக நாளையொட்டி நூலக அரங்கொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவருக்கும் அரங்கு நிறைய வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதே மே 18, கருங்கடலோரக் கிரிமியத் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான கிரிமியத் தத்தார் மக்களுக்குத் துக்க நாள். 1944ஆம் ஆண்டு அந்த விடியலில்தான் மொத்த இனத்தையும் ரயிலில் ஏற்றினார்கள். ஈழத்து நண்பர்கள் சிலரை முன்வரிசையில் பார்க்கிறேன். உங்களுக்கு அந்தத் தேதி என்ன என்று எனக்குத் தெரியும். அது தனியே பேசவேண்டிய பேச்சு, இன்று அதைத் தொடமாட்டேன்.

இன்று நான் பேச வந்தது கிரிமியாவில் பக்சிசராய் என்ற ஊரில் இருக்கும் ஓர் அரண்மனையைப் பற்றி. தத்தார் மன்னர்களான கிரிமியக் கான்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நாட்டை ஆண்டார்கள், 1783இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் அதைத் தன் பேரரசோடு இணைத்துக்கொள்ளும் வரை. அந்தக் கான்களின் வீடு அது. 1736இல் ரஷ்யப் படை ஊருக்குள் புகுந்து அதை எரித்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். 1787இல் கேத்தரின் தான் பிடித்த நாட்டைப் பார்க்கப் புறப்பட்டபோது, அம்மையார் தங்குவதற்காக அரண்மனையை மறுபடி அலங்கரித்தார்கள். உள்ளே ஒரு பளிங்கு நீரூற்று இருக்கிறது. 1764இல் கிரிம் கிராய் என்ற கான், இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அமைத்தது. கண்ணீர் ஊற்று என்று பெயர். சின்னஞ்சிறு கிண்ணங்கள் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதலில் வேறிடத்தில் இருந்ததைக் கேத்தரின் வருகையையொட்டித்தான் இப்போதைய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

1820இல் இளைஞன் புஷ்கின் அங்கே போனான். திரும்பி வந்து அந்த ஊற்றைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினான். 1824இல் அது அச்சானது. அதன்பின் ரஷ்ய மொழி படித்த அத்தனை பேருக்கும் பக்சிசராய் என்றால் அந்தக் கவிதைதான். இன்றைக்கும் ஊற்றின்மேல் இரண்டு ரோஜாப் பூக்கள் வைக்கிறார்கள். கவிஞரின் மார்பளவுச் சிலை பக்கத்திலேயே நிற்கிறது. கட்டியவனுக்கு இல்லாத சிலை, பார்த்துவிட்டுப் போனவனுக்கு. புஷ்கின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் நல்ல கவிஞர், அதனால்தான் தொல்லையே.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் நடுவில் வந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ரஷ்ய ஆட்சியில் தத்தார்கள் அலை அலையாக உஸ்மானிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிரிமியப் போர் முடிந்த கையோடு, 1860ஐ ஒட்டிப் போனது பெரிய அலை. 1897 கணக்கெடுப்பில் சொந்த மண்ணிலேயே அவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியவர்கள், அவ்வளவுதான். 1917இல் ஜார் விழுந்தபோது அவர்கள் தங்கள் பேரவையை, குருல்தாய் என்பார்கள், அதே அரண்மனையில் கூட்டினார்கள். அரண்மனையை அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். பொறுப்பேற்றவர் உசெயின் போதானின்ஸ்கி. மாஸ்கோவில் கலைப்பள்ளியில் படித்த ஓவியர், கிராமத்தில் பிறந்தவர்.

இந்த மனிதர் செய்ததைக் கவனியுங்கள். கான்களின் வாளையும் அரியணையையும் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. 1920களில் ஒஸ்மான் அக்சொக்ராக்லி போன்ற அறிஞர்களோடு ஊர் ஊராகப் போனார். நெய்த துணி, பூவேலைத் தையல், செப்புக் குடம், கல்லறைக் கல்லில் இருந்த எழுத்து, குலங்கள் தங்கள் சொத்தின்மேல் பொறிக்கும் தம்கா என்ற குறி, பாட்டு என்று எல்லாவற்றையும் சேகரித்தார்கள். சாதாரண வீட்டுப் பெண் கையால் தைத்ததை அரண்மனைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மன்னர் வீட்டை மக்கள் வீடாக்கும் வேலை அது. ஓர் இனம் தன்னைத் தானே காட்சிக்கு வைத்துக்கொண்ட காலம் அந்தப் பதினேழு ஆண்டுகள்தான். 1934இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1937இல் கைது. 1938 ஏப்ரல் 17 அன்று சிம்ஃபரோபோலில் சுட்டார்கள். அக்சொக்ராக்லியையும் அதே நாளில் சுட்டார்கள். அவர்களோடு வேறு பல தத்தார் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், அறிஞர்கள். தம்காவுக்கு விளக்கம் சொல்லத் தெரிந்தவர்களை முதலில் தீர்த்தார்கள். தம்கா பொறித்த வீட்டுக்காரர்களுக்கு ஆறு ஆண்டு தவணை இருந்தது.

ஜெர்மானியப் படைகளைக் கிரிமியாவிலிருந்து விரட்டியது 1944 மே நடுவில். மே 11ஆம் தேதியே ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணை தயார். குற்றச்சாட்டு, எதிரியோடு கூட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் தொட்டில் பிள்ளையும் அடக்கம். அந்த ஆணையை நிதானமாகப் படித்துப் பார்க்கவேண்டும். ஒரு குடும்பம் 500 கிலோ வரை சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. விட்டுச்செல்லும் ஆடு மாட்டுக்கும் தானியத்துக்கும் சீட்டு எழுதித் தரப்படும், போகும் இடத்தில் ஈடு கிடைக்கும் என்கிறது. ரயிலில் மருத்துவர் இருப்பார் என்றுகூட இருக்கிறது. நடந்தது என்ன? விடிவதற்கு முன் கதவைத் தட்டி, கால் மணி நேரம் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் யார் 500 கிலோ கட்டுவது? குரானையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்தோம் என்று பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எதுவுமே எடுக்காமல் வந்தவர்கள் அதிகம். சரக்கு வண்டியில் இரண்டு மூன்று வாரம். மூன்றே நாளில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படி ஏற்றி முடித்தார்கள். பெரும்பகுதி உஸ்பெகிஸ்தானுக்கு, மீதி உரால் பக்கம். முதல் சில ஆண்டுகளில் பசியிலும் மலேரியாவிலும் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். குடியமர்த்திய இடத்தை விட்டு நகர்ந்தால் இருபது ஆண்டு கடுங்காவல் என்று 1948இல் சட்டம் வந்தது. தத்தார்களை அனுப்பிய அடுத்த மாதமே, 1944 ஜூனில், கிரிமியாவின் கிரேக்கர், ஆர்மீனியர், பல்கேரியரையும் இப்படியே அனுப்பினார்கள். அதைக் கிரிமியாவுக்கு வெளியே யாரும் சொல்வதுகூட இல்லை.

அடுத்து ஊர்ப்பெயர்களின் முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஒரே மூச்சில் ரஷ்யப் பெயர் வைத்தார்கள். கல்லறைக் கற்களைப் பெயர்த்துக் கட்டடத்துக்குப் போட்டார்கள். 1952இல் வரலாற்றாசிரியர்களை சிம்ஃபரோபோலில் கூட்டி, கிரிமியா தொன்றுதொட்டு ஸ்லாவியர் சம்பந்தப்பட்ட பூமிதான் என்கிற வகையில் வரலாற்றைத் திருத்தச் சொன்னார்கள். பெயர் தப்பிய சில ஊர்களில் ஒன்று பக்சிசராய். புஷ்கின் கவிதை காப்பாற்றியது என்பார்கள். அரண்மனையும் தப்பியது, ஊற்றும் தப்பியது. பள்ளிப் பாடத்தில் இருக்கிற கவிதையில் வரும் ஊற்றை எப்படி இடிப்பது?

என் பேச்சின் மையம் இங்கேதான். சோவியத் காலம் முழுக்க அந்த அருங்காட்சியகம் திறந்தே இருந்தது. கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் சீட்டு வாங்கி வரிசையில் நின்று ஊற்றைப் பார்த்தார்கள். கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு விழும் சொட்டைப் பார்த்து உருகினார்கள். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் உஸ்பெகிஸ்தானில் தாஷ்கந்து பக்கம், தங்களைக் கண்காணித்த கமாண்டர் முன்னால் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இனத்தை மறைக்க அதன் அருங்காட்சியகத்தைப் பூட்டவேண்டியதே இல்லை. அழகாகத் திறந்து வைத்து, அவர்கள் ஏதோ பழங்காலத்தில் வாழ்ந்தவர்கள், கதைக்குள் இருப்பவர்கள் என்று ஆக்கிவிட்டால் போதும். இடிப்பதைவிட இது ஆபத்தானது என்பேன். இடித்தால் யாராவது கேட்பார்கள்.

1956இல் கட்டுக்காவலை நீக்கினார்கள், ஊர் திரும்பும் உரிமையைத் தரவில்லை. 1967இல் குற்றச்சாட்டை எடுத்தார்கள், அப்போதும் தரவில்லை. அந்த உரிமைக்காகப் போராடிய முஸ்தபா ஜெமிலேவ் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 1978இல் மூசா மமுத் என்பவர், சொந்த மண்ணில் குடியிருந்த குற்றத்துக்காக மறுபடி கைதுசெய்ய வந்தபோது, தீக்குளித்து இறந்தார். 1987இல் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் உட்கார்ந்து போராடினார்கள். 1989இல்தான் வழி திறந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் திரும்பினார்கள். அவர்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். புறம்போக்கில் குடிசை போட்டுத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்தவர்கள் தங்கள் கதையைக் காட்சிக்கு வைக்க நினைத்தால் எதை வைப்பார்கள்? போதானின்ஸ்கி சேகரித்தது போன்ற பொருள்களில் நல்லவை பல லெனின்கிராட் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் இருந்தன. நாடுகடத்தலுக்கோ பொருளே மிச்சமில்லை, பொருளைப் பறித்ததுதான் அந்தக் குற்றமே. இப்படிப்பட்ட காட்சிகளில் எல்லா நாட்டிலும் ஒரு சரக்கு ரயில்பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். உள்ளே ஏறலாம், இருட்டில் நிற்கலாம், அழுகை ஒலி கேட்கும். எனக்கு இதில் உடன்பாடு குறைவு. இரண்டு நிமிடம் இருட்டில் நின்றவர் தனக்கும் அது நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்து காபி குடிக்கிறார். என்னைக் கேட்டால், அந்த ஆணையின் அசலைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பேன். 500 கிலோ என்ற வரி படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் ஒரு தையல் மெஷின். வேறு அலங்காரம் வேண்டாம்.

2014க்கு வருகிறேன். அந்தப் பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் ஆலர்ட் பீர்சன் அருங்காட்சியகத்தில் கிரிமியத் தொல்பொருள் கண்காட்சி ஒன்று தொடங்கியது. சித்தியர் என்ற பழங்கால நாடோடி மக்களின் தங்கம் முதலியவை. கடன் கொடுத்த நான்கு கிரிமிய அருங்காட்சியகங்களில் பக்சிசராயும் ஒன்று. கண்காட்சி நடக்கும்போதே மார்ச்சில், உக்ரைன் வசமிருந்த கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. பொருள் யாருக்கு, அனுப்பிய அருங்காட்சியகத்துக்கா, உக்ரைன் அரசுக்கா? வழக்கு 2023 ஜூன் வரை இழுத்தது. உக்ரைனுக்கு என்று டச்சு உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது, அந்த நவம்பரில் கீவுக்குப் போய்ச் சேர்ந்தன. தீர்ப்பு சரிதான். ஆனாலும் ஒரு கழுத்தணி எங்கே திரும்பவேண்டும் என்று ஐரோப்பா ஒன்பது ஆண்டு வாதாடியதையும், மனிதர்களுக்குக் கால் மணி நேரம் கொடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

கிரிமியாவில் இப்போது நாடுகடத்தலுக்கு நினைவு வளாகமே இருக்கிறது. மக்களை ரயிலேற்றிய நிலையங்களில் ஒன்றான சூரென் அருகே ரஷ்ய நிர்வாகம் கட்டியது. நல்லது என்று சொல்லத் தோன்றும். அதே நிர்வாகம் 2014இல், எழுபதாம் ஆண்டு நினைவுநாளில், சிம்ஃபரோபோல் சதுக்கத்தில் தத்தார்கள் வழக்கமாகக் கூடும் அஞ்சலிக் கூட்டத்துக்குத் தடை போட்டது. 2016 ஏப்ரலில் அவர்களுடைய பிரதிநிதி மன்றமான மெஜ்லிஸைத் தீவிரவாத அமைப்பு என்று அறிவித்தது. அரண்மனையிலோ 2017 முதல் பழுதுபார்ப்பு. பெரிய மசூதியின் கூரையில் கையால் செய்த பழைய ஓடுகளையும் பழைய ஓக் மர விட்டங்களையும் இறக்கிவிட்டுப் புதியதைப் போட்டார்கள். இடிந்து விழாமல் காக்கிறோம் என்கிறார்கள் அதிகாரிகள். பழைய கட்டடத்தை வைத்துப் புதுக் கட்டடம் செய்கிறார்கள் என்கிறார்கள் தத்தார் பாதுகாப்பு ஆர்வலர்கள். ஓட்டை மாற்றலாமா என்பது பொறியாளர் சொல்லவேண்டியது. அந்த முடிவு எடுக்கும் மேசையில் போதானின்ஸ்கியின் வழிவந்தவர்கள் எத்தனை பேர் என்பது நாம் கேட்கவேண்டியது.

பேச்சு முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். "ஐயா, நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். தத்தார்கள் அடிமை வியாபாரம் செய்தவர்கள்தானே? ஹிட்லர் படையிலும் சேர்ந்தார்கள்தானே?"

நியாயமான கேள்வி. ஆம், கான்களின் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வியாபாரத்தில் வந்தது. உக்ரைன், போலந்து, ரஷ்யக் கிராமங்களிலிருந்து பிடித்த ஆட்களைக் கஃபா துறைமுகத்தில் விற்றார்கள். அரண்மனையில் அதற்கும் ஓர் அறை இருக்கவேண்டும், அதைத் தத்தார்களே எழுதவேண்டும். ஜெர்மானியர் அமைத்த தற்காப்புப் படைகளில் பல ஆயிரம் தத்தார்கள் சேர்ந்ததும் உண்மை. செஞ்சேனையில் அதைவிட அதிகமானோர் இருந்ததும் உண்மை. போர் முடிந்து ஊர் திரும்பிய அந்தச் சிப்பாய்களையும் உஸ்பெகிஸ்தானுக்குத்தான் அனுப்பினார்கள்.

அமெத்கான் சுல்தான் என்றொரு சோவியத் போர் விமானி இருந்தார். கிரிமியாவின் அலுப்கா என்ற ஊரில் பிறந்தவர், தாய் கிரிமியத் தத்தார், தந்தை தாகெஸ்தானின் லாக் இனத்தவர். சோவியத் யூனியனின் நாயகன் என்ற மிக உயர்ந்த விருதை 1943இல் ஒருமுறை வாங்கினார். இரண்டாம் முறை 1945 ஜூனில், தாயின் இனத்தைத் துரோகி என்று அனுப்பிய அடுத்த ஆண்டில். அந்த விருதை இருமுறை பெற்றவருக்குப் பிறந்த ஊரில் சிலை வைப்பது சோவியத் வழக்கம். அலுப்காவிலும் வைத்தார்கள். அவருடைய தாயின் இனத்தார் அப்போது அந்த ஊரில் ஒரு வீடு எடுத்துத் தங்க முடியாது.