விராலுக்குள் சிவப்புப் புழு: அது காத்திருப்பது கொக்குக்கு

(திரையில்: சுளகில் வெட்டிய விரால். வயிற்றோரச் சதையில் சுருண்ட சிவப்பு நூல்.)

இது நூல் இல்லை, புழு. உன்னிச்சைக் குளத்து விராலைப் பெரியம்மா வெட்டிக்கொண்டிருந்தபோது தென்பட்டது. கத்தி முனையால் தட்டினா, மெல்ல நெளிந்தது. உடனே என்னைக் கூப்பிட்டா. "மனே, இதக் கறி வைக்கிறதா, வீசுறதா?"

மீனை விட்டுவிட்டுக் கொக்கிலிருந்து தொடங்கினால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் விளங்கும்.

(திரையில்: குளக்கட்டில் அசையாமல் நிற்கும் கொக்கு.)

இந்தச் சிவப்பு உருளைப்புழுவின் பேரினப் பெயர் யூஸ்ட்ராஞ்சிலிடெஸ். சில வேளை 10 சென்றிமீற்றர் வரை நீளும். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் விரால் வகைகளில் பதிவாகியிருக்கிறது. மீனில் நாம் காண்பது இளம்புழு. எத்தனை மாதம் கிடந்தாலும் அது அங்கே முட்டையிடாது. முதிர்ந்து முட்டையிட அதற்குக் கொக்கு, நாரை போன்ற மீன் தின்னிப் பறவையின் வயிறு வேண்டும்.

பறவையின் எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழும். மண்புழுவுக்குச் சொந்தக்காரரான சின்னஞ்சிறு புழுக்கள் குளத்துச் சேற்றில் உண்டு. அவை அந்த முட்டையைத் தின்னும். அவற்றைச் சின்ன மீன் தின்னும். சின்ன மீனை விரால் விழுங்கினால் இளம்புழு செத்துப்போகாது. விராலின் உடம்புக்குள் இடம் மாறிக் குடியேறிவிடும். ஒவ்வொரு இரையோடும் ஒன்றிரண்டு சேர்வதால்தான் வேட்டையாடும் மீனில் புழு கூடுதலாகத் தெரிகிறது. கொக்கு அந்த மீனைப் பிடித்தால் வட்டம் முடிந்தது.

(திரையில்: கம்பில் சிறகு விரித்து நிற்கும் நீர்க்காகம்.)

நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் வேறொரு புழு உண்டு: கொன்ட்ராசீக்கம். இது வெளிறிய நிறம். மீனின் குடலைச் சுற்றிச் சுருள் சுருளாகக் கிடக்கும். இதன் பயணம் சேற்றில் இல்லை, தண்ணீரில் மிதக்கும், ஓடுள்ள மிகச் சின்ன உயிரிகள் வழியே. மீனின் உடம்பு குளத்துத் தண்ணீரின் சூட்டில்தான் இருக்கும். பறவையின் உடம்போ 40 பாகை செல்சியஸ் அளவு. அந்தச் சூட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் புழு சட்டை உரித்து முதிர்கிறது.

வளர்ந்த நீர்க்காகம் வயிறு நிறையப் புழுவோடும் பறந்து திரியும். குஞ்சுகள் பாடுதான் பரிதாபம். அமெரிக்காவின் புளோரிடாவில் கொக்குக் கூடுகளை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டார்கள்: தாய் ஊட்டிய மீனிலிருந்த சிவப்புப் புழு சில மணி நேரத்திலேயே குஞ்சின் இரைப்பையைத் துளைக்கிறது, கூட்டிலேயே குஞ்சுகள் சாகின்றன. கழிவும் பசளையும் சேர்ந்த நீர்நிலைகளில்தான் இந்தச் சிவப்புப் புழு அதிகம். சேறு கொழுத்தால் சேற்றுப் புழு பெருகும், அதோடு இதுவும் பெருகும். நம் வயல் வாய்க்கால்களும் குளத்திலும் வாவியிலும்தான் போய் முடிகின்றன. குமண பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டும் காலம் வந்தாலே எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும்.

(திரையில்: அடுப்பில் கொதிக்கும் புளியாணம்.)

இனி மனிதருக்கு வருவோம். நம் வயிற்றில் சிவப்புப் புழு முதிராது. ஆனால் உயிரோடு உள்ளே போனால் குஞ்சின் வயிற்றில் செய்வதையே இங்கும் செய்யும். 1982இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்து ஒரு சம்பவம் அறிவிக்கப்பட்டது. தூண்டில் இரைக்கு வைத்திருந்த குட்டி மீன்களை மீனவர்கள் சிலர் உயிரோடு விழுங்கினார்கள். கடும் வயிற்றுவலி வந்து அறுத்துப் பார்த்தபோது சிவப்புப் புழு குடலைத் துளைத்திருந்தது.

இதைவிடப் பயங்கரம் கண்ணுக்குத் தெரியாத புழு. 1967, 1968இல் பிலிப்பைன்ஸின் லுசோன் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் உருக்குலைந்தார்கள், பலர் இறந்தார்கள். காரணம் காப்பிலேரியா என்ற சில மில்லிமீற்றர் புழு. பச்சை மீன் வழியே வந்தது. அதுவும் மீன் தின்னிப் பறவைகளில் வாழக்கூடியதுதான். மற்றவை போலன்றி, மனிதக் குடலுக்குள்ளேயே பெருகவும் அதனால் முடியும்.

அதனால், பெரியம்மா, கறி வைக்கலாம். புழுவைக் கிள்ளி எடுத்துவிட்டு, சதையின் நடுவே 63 பாகை எட்டும்படி வேகவைத்தால் மிச்சமிருப்பதும் சாகும். கொதிக்கிற புளியாணம் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நான் பயப்படுவது பாசிக்குடாக் கரையில் சுட்டுத் தின்னும் மீனுக்குத்தான். தோல் கருகியதும் இறக்கிவிடுகிறோம். முள்ளை ஒட்டிய சதை கண்ணாடி போலவே இருக்கும். அது வெள்ளையாகி முள்ளை விட்டுக் கழரும்வரை தணலில் இருக்கட்டும். தேசிக்காய்ப்புளியும் உப்பும் பிரட்டி ஊறவைப்பது ருசிக்கு. புழுவைக் கொல்ல அதை நம்பக்கூடாது. பச்சையாகத் தின்னும் மீனுக்கு அமெரிக்க உணவு விதி சொல்வது மைனஸ் 20 பாகைக் குளிரில் 7 நாள். வீட்டுக் குளிர்சாதனப்பெட்டிகள் பல அந்தக் குளிருக்குப் போகாது.

(திரையில்: சட்டியில் மீன் குடல். ஓரத்தில் காத்திருக்கும் பூனை.)

குடலைப் பூனைக்குப் போடப் போனா பெரியம்மா. நான் தடுத்தேன். விராலில் க்னாத்தோஸ்டோமா என்ற இன்னொரு புழுவின் இளம்பருவம் இருக்கலாம். அது முதிர்வது பூனை, நாய் வயிற்றில். குளத்தில் வீசினாலோ கொக்குக்கு விருந்து. கடைசியில் வாழையடியில் முழங்கை ஆழம் தோண்டி, குடலைப் போட்டு, மேலே கல் வைத்து மூடினோம். பூனைக்கு அவித்த தலை கிடைத்தது.