நான்காவது தோட்டம் எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். பணியில் இருந்தவரை ஆங்கில வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் நாலைந்து பிள்ளைகள் டியூஷனுக்கு வீடு தேடி வருகிறார்கள். அதனால் சாக்பீஸ் தூசி இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

அதில் ஒருவன், ஐந்தாம் படிவ மாணவன், பத்திரிகைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "சார், இந்த ஃபோர்த் எஸ்டேட் எந்தப் பக்கம் சார்? லிந்தாங் ரோட்டுலயா?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எஸ்டேட் என்றால் தோட்டம்தான். பால் மரம் என்கிற ரப்பர் மரமோ, எண்ணெய் எடுக்கிற செம்பனையோ அங்கே நின்றாக வேண்டும். தோட்டத்தையே ஃபர்ஸ்ட் டிவிஷன், செகண்ட் டிவிஷன் என்று எண்ணிப் பிரித்துப் பழகியவர்கள் நாங்கள். நான்காவதாக ஒரு தோட்டம் எங்கோ இருக்கிறது என்றால் அவன் நம்பத்தானே செய்வான்?

அந்தச் சொல்லில் வரும் எஸ்டேட், பழைய ஐரோப்பாவில் சமுதாயத்தைப் பிரித்து வைத்திருந்த பிரிவு. குருமார்கள் முதலாவது, பிரபுக்கள் இரண்டாவது, மற்ற மக்கள் எல்லாரும் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பிறகு பத்திரிகைக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். நாமும் தமிழில் பத்திரிகையை நான்காவது தூண் என்கிறோம். ஆனால் நம்முடைய தூண்கள் வேறு: சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம், அப்புறம் பத்திரிகை. எண் அதே நாலுதான். நிற்கிற வரிசைதான் மாறிப்போயிற்று.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ஃபர்ஸ்ட், செகண்ட், தர்ட் என்று ஓர் ஆங்கிலத் தொடரில் வந்தால், உடனே விரலை மடக்கி எண்ணாதீர்கள். அது எந்த வரிசை, முன்னால் நிற்பது யார் என்று முதலில் தேடுங்கள்.

இதைத் தேடாமல் விட்டால் கைக்காசும் போகும். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய காப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், வைத்திருக்கிறார். ஒரு மழை நாளில், செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் சறுக்கி, வண்டியோடு கால்வாயில் இறங்கிவிட்டார். ஆளுக்குச் சிராய்ப்புதான். வண்டிக்கு முன்சக்கரம் கோணி, விளக்கு உடைந்து, மட்கார்டு இரண்டாகிவிட்டது. தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகப் போய்க் கேட்டார். ஒரு காசும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து என் வீட்டு அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "காசு கட்டுனது நான். விழுந்தது நான். தர்ட் பார்ட்டின்னா மூணாவது தரம், கொஞ்சம் கம்மியாவாச்சும் குடுப்பாங்கன்னு நெனச்சேன் வாத்தியாரே" என்றார்.

பாவம், அவர் தரத்தை எண்ணியிருக்கிறார். அந்தத் தாள் எண்ணுவது ஆட்களை. ஒப்பந்தத்தில் இரண்டே பேர்: காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், எடுத்தவர் ஒருவர், கொடுத்த கம்பெனி ஒன்று. இந்த இரண்டு பேருக்கும் வெளியே நிற்கிற, நீங்கள் மோதிவிடக்கூடிய யாரோ ஒருவர்தான் மூன்றாவது ஆள். அவருக்கு ஏதும் நேர்ந்தால் கொடுப்பதற்காகத்தான் அந்தக் காப்புறுதி. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், இந்த மூன்றாவது ஆளுக்கான காப்பு இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்கிறது. வரிசையில் நம் வண்டிக்கு அங்கே இடமே இல்லை. இத்தனைக்கும், "இது மூணாம் பேருக்குத் தெரியக்கூடாது" என்று நாமே தினமும் சொல்கிறோம். அதே மூணாம் பேர்தான் இவர்!

சரி, முதலாவதற்கு வருவோம். ஒன்று என்ற எண்ணிலிருந்து முதல் என்ற சொல் பிறக்கவில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான், ஒன் வேறு, ஃபர்ஸ்ட் வேறு. மலாயிலும் சத்து என்று எண்ணிவிட்டு, வரிசைக்கு வரும்போது பெர்த்தாமா என்கிறார்கள். கெடுவா, கெதிகா என்று எண்ணோடு ஒட்டிக்கொள்வது இரண்டிலிருந்துதான். தமிழோ ஒன்றாம் என்றும் ஒரு வடிவத்தைக் கையில் வைத்திருக்கிறது. அதற்கு நல்ல பயனும் இருக்கிறது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தால் வயது ஏழு. அப்பா ரயிலில் முதல் வகுப்பில் போனால் பையில் பணம்.

எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். செகண்ட் என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் கிடையாது. பின்தொடர்வது என்ற பொருளுள்ள லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் இரண்டாவதைச் சொல்ல, அதர், அதாவது 'மற்றது' என்ற சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் ஓர் இடத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது: எவ்ரி அதர் டே. பிள்ளைகள் இதை 'மற்ற எல்லா நாளும்' என்று எழுதுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதுதான் பொருள். இதைப் புரியவைக்க எங்கள் ஊரில் இலக்கணம் தேவையில்லை. பாலுக்காக மரத்தின் பட்டையை இன்றைக்கு வெட்டினால் நாளைக்கு விட்டுவிட்டு, மறுநாள் வெட்டுவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. மரத்துக்கு ஓய்வு வேண்டும், பட்டை நீடிக்க வேண்டும். உங்கள் பாட்டி எவ்ரி அதர் டே வெட்டினார் என்று ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

தமிழும் இதே மாதிரி ஒரு வேலை செய்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஆங்கிலம் செகண்ட் போடுகிற பல இடங்களில் நாம் இரண்டாம் என்று சொல்வதில்லை, மறு என்கிறோம். மறுமணம், மறுயோசனை. விருந்தில் இரண்டாம் தடவை இலைக்கு வருவது மறுசோறு. அங்கே 'மற்றது' இரண்டாவதாயிற்று, இங்கேயும் ஏறக்குறைய அதே சங்கதி.

கடிகாரத்தில் ஓடுகிற செகண்டும் இந்த வகைதான். ஒரு மணியை அறுபதாகப் பிரித்ததை லத்தீனில் முதல் சிறு பகுதி என்றார்கள். அதிலிருந்த 'சிறு' நமக்கு மினிட் ஆயிற்று. அதை மறுபடியும் அறுபதாகப் பிரித்தது இரண்டாம் சிறு பகுதி. அதில் 'இரண்டாம்' மட்டும் தங்கி செகண்ட் ஆகிவிட்டது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கடிகாரத்தில் செகண்ட் ஹேண்ட், அதாவது நொடி முள், ஓடவில்லை என்று ஒருவர் குறைபட்டால், அந்த இரண்டு செகண்டுக்கும் வரிசை வேறு வேறு.

வரிசை எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீக்காயத்தில் தர்ட் டிகிரி என்றால் ஃபர்ஸ்ட் டிகிரியை விட மோசம். அமெரிக்கக் கொலை வழக்கில் ஃபர்ஸ்ட் டிகிரிதான் ஆகக் கடுமை.

எண் ஒத்துப்போய்ப் பொருள் முட்டிக்கொள்வதும் உண்டு. சிக்ஸ்த் சென்ஸ் என்றால் ஆங்கிலத்தில் காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு. ஐம்புலனுக்கு அடுத்து மனத்தை ஆறாவதாக வைத்து, அதை மனிதருக்கு உரியதாகச் சொன்னது தொல்காப்பியம். அதனால் நமக்கு ஆறாம் அறிவு என்றால் யோசிக்கும் திறமை. அவர்கள் யோசிக்காமல் தெரிவதற்கு வைத்த பெயரை நாம் யோசிப்பதற்கு வைத்திருக்கிறோம். ஏழு இன்னும் வேடிக்கை. செவன்த் ஹெவன் என்றால் மகிழ்ச்சியின் உச்சி. எங்கள் தெருவில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம் என்றால், சாயங்காலம் சட்டிபானை உருளும் என்று பொருள்.

கடைசியாக லெவன்த் அவர் (eleventh hour). இதைப் பதினோரு மணி என்றே எழுதிவைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது பைபிளில், மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வரும் கூலியாட்கள் கதை. திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று திரும்பத் திரும்பப் போய் இன்னும் ஆள் சேர்க்கிறார். பதினோராம் மணிக்கும் சிலரைக் கூட்டி வருகிறார். அங்கே மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே பதினொன்று என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து, வேலை முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி. கடைசி நேரம் என்ற பொருள் அப்படி வந்தது. கூலி கொடுக்கும்போது காலையில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே காசு. வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பள்ளியில் படித்த இந்தக் கதையை, சிறுவயதில் எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் உட்கார்ந்து என் பாட்டிக்குச் சொன்னேன். இருட்டில் எழுந்து, கிராணி என்கிற தோட்டக் கணக்கர் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் ஏற்றும் பெரட்டுக்குப் போய் நின்று, ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர். வெற்றிலையை மென்றபடி முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தோட்டத்துல கிராணி யாருடா? நம்ம கிராணியா இருந்தா அஞ்சு மணிக்கு வந்தவனுக்குச் செக்ரோல்ல பேரே ஏத்தியிருக்க மாட்டான்" என்றார்.

நன்றி, வணக்கம்.