ஆசனம் முடிஞ்சதும் சவாசனம் கண்டிப்பா பண்ணனுமா? உங்க சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்காங்க, "நான் டெய்லி முக்கால் மணி நேரம் ஆசனம் பண்றேன், கடைசில படுக்கிற சவாசனம் மட்டும் டைம் வேஸ்ட்டா தெரியுது, படுத்தா ஆயிரம் யோசனை வருது, இல்லன்னா தூங்கிடறேன், அத விட்டுட்டா என்ன குறைஞ்சிடும்"னு. இத நிறைய பேர் கேக்குறீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, சவாசனம்ங்கிறது யோகா முடிஞ்சப்புறம் எடுக்குற ரெஸ்ட் கிடையாது, அதுவும் பயிற்சிதான். 15ஆம் நூற்றாண்டுல ஸ்வாத்மாராமர் எழுதின ஹடயோக பிரதீபிகைங்கிற யோகா நூல்ல மொத்தமே 15 ஆசனம்தான் விளக்கியிருக்காங்க, அதுல இதுவும் ஒண்ணு. தரையில மல்லாக்க பிணம் மாதிரி கிடக்கணும், களைப்பு போகும், மனசுக்கு ஓய்வு கிடைக்கும்னு ரொம்ப சுருக்கமா சொல்லியிருக்கார். கேரண்ட சம்ஹிதைங்கிற இன்னொரு பழைய யோகா நூல்லயும் இது இருக்கு, அங்க மிருதாசனம்னு பேரு.

சரி, உடம்புக்குள்ள என்ன நடக்குது? ஆசனம் பண்றப்போ இழுக்குறோம், முறுக்குறோம், பேலன்ஸ் பண்றோம், ஹார்ட் வேகமா துடிக்குது, தசையெல்லாம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. அப்புறம் அசையாம படுத்து மூச்ச மெதுவா விட ஆரம்பிச்சா வேகஸ் நரம்போட வேலை கூடும், அதுதான் இதயத்துடிப்ப குறைக்கிற நரம்பு, மூச்ச நீளமா வெளிய விடும்போது அது இன்னும் நல்லா வேலை செய்யும். ஆனா இது உடனே முழுசா நடந்துடாது. ஓடிட்டிருக்கிற ஃபேன ஆஃப் பண்ணாலும் கொஞ்ச நேரம் சுத்திட்டுதானே நிக்குது, அந்த மாதிரிதான், படுத்து ரெண்டாவது நிமிஷம் எழுந்துட்டீங்கன்னா உடம்பு முழுசா அடங்கியிருக்காது. எனக்கு வருத்தம் என்னன்னா, கிளாஸ்ல லேட் ஆயிடுச்சுன்னா முதல்ல கட் பண்றதே இதத்தான். டைம் இல்லையா, ரெண்டு ஆசனத்த விடுங்க, இத விடாதீங்க.

டாக்டருங்களும் இத பாத்திருக்காங்க. பம்பாய்ல டாக்டர் கே.கே. தாத்தேயும் அவரோட குழுவும் ஹை பிரஷர் இருக்கிறவங்களுக்கு சவாசனம் சொல்லிக் குடுத்து, அந்த ரிசல்ட்ட 1969ல ஒரு மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க, நிறைய பேருக்கு பிரஷர் குறைஞ்சிருந்துச்சு. இதக் கேட்டுட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, அது உங்க டாக்டர் முடிவு பண்ண வேண்டியது.

இப்ப யோசனை வர்றதுக்கு வருவோம். யோசனை வரத்தான் செய்யும், அத நிறுத்தணும்னு சண்டை போட்டா உடம்பு இன்னும் இறுகும். மனச விட்டுட்டு தசைய பிடிங்க. நம்மள்ல பாதி பேருக்கு உடம்பு இறுகி இருக்குங்கிறதே தெரியாது, இப்ப இத பாத்துட்டு இருக்கிறப்பவே கவனிங்க, பல்ல கடிச்சிட்டு இருக்கீங்களா, தோள் காதுகிட்ட ஏறி நிக்குதா, புருவத்துக்கு நடுவுல சுருங்கி இருக்கா? அமெரிக்காவுல எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் 1929லயே இதுக்கு ஒரு முறைய புத்தகமா எழுதினார், ஒரு தசைய முதல்ல இறுக்கணும், அப்புறம் அப்படியே விடணும், அப்பதான் தளர்வுன்னா என்னன்னு உடம்புக்கு வித்தியாசம் தெரியும். கைமுஷ்டிய அஞ்சு செகண்ட் இறுக்கி விடுங்க, அப்புறம் தோள், முகம், வயிறு, தொடை, பாதம்னு போங்க, நாக்க கூட தளர்த்தணும், அத எல்லாரும் மறந்துடறாங்க.

தூக்கம் வருதுன்னா, தினமும் வருதுன்னா, ராத்திரி தூக்கம் பத்தலன்னு அர்த்தம், அத முதல்ல சரி பண்ணுங்க. அதுவரைக்கும் ஒரு கைய முழங்கைலேந்து மேல நிமிர்த்தி வச்சுக்கோங்க, கண்ணசந்தா கை சாயும், முழிச்சுக்குவீங்க.

இடுப்பு வலி இருக்கிறவங்க முழங்காலுக்கு அடியில தலகாணி வைங்க. போர்த்திக்கோங்க, வேர்த்த உடம்பு அசையாம கிடந்தா சீக்கிரம் குளிர்ந்துடும். கண்ண மூடினா பயமா, படபடப்பா இருக்கா, திறந்தே வச்சுக்கலாம், தப்பே இல்ல. அஞ்சு மாசத்துக்கு மேல ஆன கர்ப்பிணிங்க மட்டும் மல்லாக்க படுக்க வேண்டாம், கர்ப்பப்பையோட கனம் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற பெரிய ரத்தக்குழாய அழுத்தும், இடது பக்கமா ஒருக்களிச்சு படுங்க. எழுந்திருக்கும்போதும் படக்குன்னு எழுந்து நிக்காதீங்க, தலை சுத்தும், பக்கவாட்டுல திரும்பி, கைய ஊணி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அப்புறம் நில்லுங்க.

சகோதரி, உங்க முக்கால் மணி நேரத்த கூட்ட வேண்டாம், அதுலயே ஆசனத்த 35 நிமிஷத்துல முடிச்சிட்டு மீதி 10 நிமிஷம் இதுக்கு குடுங்க, ரெண்டு வாரம் பண்ணிட்டு எப்படி இருக்குன்னு எனக்கு கண்டிப்பா சொல்லுங்க. அடுத்த கேள்வி, மூட்டு வலி இருக்கிறவங்க வஜ்ராசனம் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார், அத அடுத்த வீடியோல பாக்கலாம்.