சுவர்க்கோழி சத்தத்தை மெதுவாக ஓட்டினால் பாட்டு வருமா?

அடுத்த கேள்வி கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். "அண்ணா, சுவர்க்கோழி கத்துவதை மெதுவாக்கினால் ஆட்கள் கூடிநின்று பாடுவது போல இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்தது. நானும் கொல்லைப்புறத்தில் பதிவு செய்து போனில் கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன், கரகரவென்றுதான் கேட்கிறது. நான் என்ன தப்பு செய்தேன்?"

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லைம்மா. போனிலும் யூடியூபிலும் இருக்கிற வேக பட்டன் பேச்சுக்காகச் செய்தது. வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு, ஆள் குரல் மாறக்கூடாது என்று சுருதியை அப்படியே பிடித்து வைக்கும், அதற்காகச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும். அந்தக் கரகரப்பு அங்கிருந்து வருகிறது. நமக்கு வேண்டியது பழைய டேப்ரெக்கார்டர் வேலை. பேட்டரி தீரும்போது பாட்டு இழுத்துக்கொண்டே போய்ப் பாடகியின் குரல் ஆண் குரலாகிவிடுமே, அதுதான். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் டெம்போவைத் தொடாமல் ஸ்பீடை மாற்றினால் அது நடக்கும்.

பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். சுவர்க்கோழி ஏறக்குறைய 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வில், கத்துகிறது. 4,800 என்று வையுங்கள், எட்டில் ஒரு பங்கு வேகத்தில் அது 600, மனிதர் பாடுகிற இடத்துக்கு வந்துவிட்டது. அதனால் குரல் போலத் தோன்றுவது உண்மைதான். ஆனால் எல்லாப் பூச்சியும் ஒரே விகிதத்தில்தானே இறங்கும்? முன்னே இல்லாத மெட்டு புதிதாக எங்கிருந்து வரும்? கோரஸ் மாதிரி ஏறி இறங்கிப் பாடினால், பல வேகத்துப் பதிவுகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு குரலைக் கலந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் பக்கத்தில் சீவீடு என்று சொல்வது பெரும்பாலும் மரத்துச் சில்வண்டு. அது வயிற்றோரத்துச் சவ்வை அதிரவைத்துக் கத்துகிறது, சுவர்க்கோழி சிறகோடு சிறகை உரசுகிறது. மெதுவாக்கினால் ஒரே "க்ரீச்" என்று கேட்டது தனித்தனி உரசலாகப் பிரியும். எனக்கு அந்தக் கோரஸைவிட இதுதான் பெரிய அதிசயம்.

இங்கே வால்பாறையில் விடியற்காலையில் சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும், அதையும் பாதி வேகத்தில் கேளுங்கள். பறவையின் குரலுறுப்பில் இரண்டு பக்கமும் தனித்தனியாக வேலை செய்யும், பல பறவைகளால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்ப முடியும். நம் காது தவறவிடுகிற நெளிவெல்லாம் மெதுவாக்கும்போது தெரியும்.

யானைக்கு இது தலைகீழ். 1984இல் கேட்டி பெய்ன் என்ற விலங்கொலி ஆய்வாளர் ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது காதில் விழாத ஓர் அதிர்வை உடம்பில் உணர்ந்தார். யானைகள் நம் காதுக்கு எட்டாத 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பேசிக்கொள்கின்றன என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வேகமாக்கினால்தான் நமக்குக் கேட்கும்.

வௌவாலை மட்டும் போனில் முயற்சி செய்யாதீர்கள். போன் நொடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து பதிவு செய்தால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவுமே பதிவாகாது, வௌவால் பெரும்பாலும் அதற்கு மேலேதான் கத்துகிறது, பதிவில் இல்லாததை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கேட்காது. சுவர்க்கோழிக்கு உங்கள் போனே போதும். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக எடுங்கள், வீட்டு ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். ஒரிஜினலை அழிக்காமல் தனியே வைத்துக்கொண்டு, முதலில் பாதி, அப்புறம் கால், அப்புறம் எட்டில் ஒன்று என்று இறக்கிப் பாருங்கள்.